இரண்டாம் பேஸும் ஒரு ‘ஓம்’மும்

1. எழுதுற கை

“உது எழுதுற கை, பிள்ளை. பந்து பிடிக்கிற கையில்லை.”

ஒரு பேஸ்போல் கிளவ்வை நான் முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா சொன்னது இது. லண்டன் ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த மாடி வீட்டின் குசினி மேசையில் அதை வைத்தேன். பழைய தோல், எண்ணெய் மணம், ஒரு விரலில் தையல் விட்டிருந்தது. சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் அம்மா அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என் வலக் கையைப் பிடித்து அதையும் அப்படியே புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

அம்மா சொன்னதில் பாதி சரி. வலக்கைக்காரர் பேஸ்போலில் பந்தைப் பிடிப்பது இடக் கையால். எழுதுகிற கை எறிவதற்கு. அதை அன்றே விளங்கப்படுத்தினேன். “எறிஞ்சாலும் நோகிறது கைதானே,” என்று சொல்லிவிட்டு அம்மா சோற்றை வடிக்கப் போனார்.

அந்தக் கையில் அம்மாவுக்கு அவ்வளவு அக்கறை இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா ஒரு ஆஸ்பத்திரி லோண்டரியில் ஷிப்ட் வேலை செய்தார். அவருடைய சம்பளத் தாளை நான்தான் வாசித்துச் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்து, லண்டனுக்கு வந்து மாலைக் கொலிஜில் மிச்சத்தை முடித்து, எண்பதுகளின் கடைசியில் கவுன்சிலின் பூங்காப் பிரிவில் எழுதுவினைஞர் வேலை எடுத்தேன். மேசை, தொலைபேசி, என் பெயர் போட்ட ஒரு தட்டு. வேலை முடிந்து வரும் வழியில் அம்மா ஒரு நாள் அங்கே வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தப் பெயர்த் தட்டையே பார்த்துவிட்டு, உள்ளே வராமல் போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகு, “எழுத்து நல்ல பெரிசாய்க் கிடக்கு,” என்று மட்டும் சொன்னார்.

என் வேலை, மைதானம் கேட்டு வரும் படிவங்களைச் சரிபார்த்து இடம் ஒதுக்குவது. படிவத்தில் விளையாட்டுகளுக்குப் பெட்டிகள் இருக்கும். உதைபந்து, கிரிக்கெட், ஹொக்கி, நெட்போல். கடைசிப் பெட்டி ‘வேறு’. அந்தக் கடைசிப் பெட்டியில் புள்ளடி போட்டுக்கொண்டு வந்த முதல் ஆள் ஃப்ராங்க்.

ஃப்ராங்க் சுரங்க ரெயில் ஓட்டுபவர். வடக்கு இங்கிலாந்துக்காரர். ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசாதவர். லீக்கின் கீழ்ப் பிரிவில் ஒரு பேஸ்போல் கிளப்பை நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்தை யாராலும் வாசிக்க முடியாது. அவருக்கு முன்னாலேயே நான் அந்தப் படிவத்தைப் புதிதாக எழுதினேன். அவர் அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு நேரம் இருக்குமா என்று கேட்டார். அவர்களுக்கு ஸ்கோர் எழுத ஆள் தேவைப்பட்டது.

பேஸ்போல் ஸ்கோர்புக்கை முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அதுவும் ஒரு படிவம்தான். முழுக்கப் பெட்டிகள். பந்து வீசும் பிட்ச்சர் 1, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேச்சர் 2, முதலாம் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் 6 என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். பந்து கை மாறிய வழியை எண்களாகவே எழுதிவிடலாம். ஒரு கோடைகாலம் முழுக்க நான் ஸ்கோரர். “எழுத்து வேலைதானே, போட்டு வா,” என்று அம்மாவும் விட்டார்.

2. குறி பிழை

அடுத்த ஏப்ரல். குளிரான ஒரு பயிற்சி நாள். இரண்டாம் பேஸில் நிற்கும் கொலின் வரவில்லை. ஆள் குறைய, ஃப்ராங்க் ஸ்கோரரையும் உள்ளே இழுத்துவிட்டார்.

எங்கள் மைதானத்தை நீங்கள் படங்களில் பார்ப்பதுபோல் நினைக்கவேண்டாம். கிரிக்கெட்காரர்களுக்கு வேண்டாத கீழ் மூலை அது. செம்மண் கிடையாது. எல்லாம் புல், நடுவில் முயல் வளைகள். ஓடுகிறவர் தொட வேண்டிய நாலு தட்டையான பேஸுகளையும் ஃப்ராங்க் காரில் கொண்டுவந்து போட்டு, முடிந்ததும் பொறுக்கிக்கொண்டு போவார். நாயோடு நடக்க வருகிறவர்கள் நின்று, இது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடும் ரவுண்டர்ஸா என்று கேட்பார்கள்.

எனக்கு அது ரவுண்டர்ஸாகத் தெரியவில்லை. எங்கள் ஊர் மட்டைப் பந்தாட்டமான எல்லேயாகத் தெரிந்தது. ஊரில் எல்லே விளையாடிய எவருக்கும் பேஸ்போலைச் சொல்லிக்கொடுக்க அதிக நேரம் வேண்டாம். அடி, ஓடு, சுற்றி வா. நான் பள்ளிக்கூட எல்லே அணியில் இருந்தவள். ஒரே ஒரு வித்தியாசம் இருந்தது, அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஃப்ராங்க் தானே அடித்துவிட்டு, தானே முதலாம் பேஸை நோக்கி மெதுவாக ஓடினார். பந்து உருண்டு என்னிடம் வந்தது. எடுத்தேன், குறி பார்த்தேன், எறிந்தேன். நேரே ஃப்ராங்கின் காற்சட்டைப் பின்பையில் பட்டது. எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்து பட்டால் ஆள் அவுட். நான் கையை உயர்த்திக்கொண்டு நின்றேன், மற்றவர்கள் கைதட்டுவார்கள் என்று.

ஒருவரும் தட்டவில்லை. ஷோர்ட்ஸ்டொப் ரவி மட்டும் புல்லில் குந்தியிருந்து சிரித்தார். ரவி சென்னைக்காரர். அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்தபோது பேஸ்போல் பழகி, இங்கே ஒரு வங்கியின் கம்பியூட்டர் பிரிவில் வேலை செய்துகொண்டு, ஞாயிறுதோறும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து லண்டனைக் குறுக்கே கடந்து வருபவர். “ஆளை அடிக்கக் கூடாதுங்க, பேஸுக்கு எறியணும்,” என்று சிரிப்புக்கு நடுவில் சொன்னார்.

ஃப்ராங்க் பின்பையிலிருந்து ஒரு பிஸ்கட் பக்கெற்றை எடுத்துப் பார்த்தார். தூளாகியிருந்தது.

“எறி நல்லம், பூ. குறிதான் பிழை,” என்றார்.

என் பெயர் புவனேஸ்வரி. ஃப்ராங்குக்கு அதில் முதல் எழுத்துதான் வாயில் வரும். நமக்குப் பூ மலர். ஆங்கிலத்தில் அது ஆளை ஏளனம் செய்யக் கத்துகிற சத்தம். அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் எதிரணிக்காரர்கள் தங்களைத்தான் ஏசுகிறார் என்று திரும்பி முறைப்பார்கள்.

அன்று முதலாம் பேஸுக்குப் பத்துத் தரம் எறியச் சொன்னார். பத்தும் போய்ச் சேர்ந்தன. அடுத்த கிழமை அந்தப் பழைய கிளவ்வைக் கொண்டுவந்து தந்தார்.

3. நாலு ஞாயிறு

மே மாதம் கொலின் வேலையில் ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். இரண்டாம் பேஸுக்கு ஆள் இல்லை. ஃப்ராங்க் என்னைப் பார்த்தார். பெண் ஒருத்தி லீக்கில் ஆடலாமா என்று எங்கள் அணியிலேயே சந்தேகம்.

நான் லீக்கின் விதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் இரண்டு தரம் வாசித்தேன். எழுத்துக்கூட்டி அல்ல, ஒரு படிவத்தை நிராகரிக்கக் காரணம் தேடும் எழுதுவினைஞர் வாசிப்பதுபோல். ‘விளையாடுபவர்’ என்று இருந்தது. ‘ஆண்’ என்று எங்கும் இல்லை. ஃப்ராங்க் லீக் செயலாளருக்குத் தொலைபேசி எடுத்து, தன் ஸ்கோரர் இரண்டு தரம் வாசித்துவிட்டார், நீங்கள் ஒரு தரம் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். இரண்டு நாளில் என் பதிவு அட்டை வந்தது. அந்த அட்டையை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

ஆனால் ஃப்ராங்க் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். ஸ்கொட் என்றொரு கனடா மாணவர் ஜூன் மாதம் லண்டனுக்கு வருகிறார். சின்ன வயதிலிருந்தே இரண்டாம் பேஸில் நின்றவர். அவர் வருவதற்கு இன்னும் நாலு ஞாயிறு இருக்கிறது.

“நாலு ஞாயிறும் இடம் உன்ரை. அஞ்சாவது ஞாயிறு, ஆர் திறமோ அவைக்கு,” என்றார்.

நியாயம்தான். எனக்கு அது விளையாட்டு இடம் மட்டுமல்ல. அலுவலகத்தில் என் மேசை, கொலிஜில் என் கதிரை எல்லாம் யாரோ வரிசையில் விட்டுத் தந்தவை. இரண்டாம் பேஸ், ஸ்கோர்புக்கில் 4 என்ற எண், நான் என் கையால் எடுத்துக்கொண்டது. அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கீழ்ப் பிரிவில் சம்பளம் கிடையாது. ஆனால் வேலை என்றால் வேலைதான். செவ்வாயும் வியாழனும் அலுவலகம் விட்டதும் பயிற்சி. ஃப்ராங்க் தரையோடு அடிப்பார், நான் எடுக்க வேண்டும். முழங்கால் மடிய வேண்டும், கிளவ் மண்ணைத் தொட வேண்டும், கண் பந்து கிளவ்வுக்குள் போகும்வரை அதை விடக்கூடாது. முயல் வளையில் பட்ட பந்து எங்கே எழும்பும் என்று முயலுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் தாடையில் நீலத்தோடு அலுவலகம் போவேன். அம்மா மஞ்சளை அரைத்துக்கொண்டே, “ஒஃபிஸிலை கேட்டால் என்ன சொல்லுவாய்?” என்பார். பந்து பட்டது என்றுதான் சொல்வேன் என்பேன். “உண்மையைச் சொல்லிப்போட்டு இருக்காதை. படியாலை விழுந்தனான் எண்டு சொல்லு,” என்பார்.

4. ஆளில்லாத பிளாட்ஃபோம்

முதல் ஞாயிறு ஆட்டத்துக்குச் சற்று முன்பு ரவி அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சைகையைச் சொன்னார்.

எதிரணியின் ஓட்டக்காரர் முதலாம் பேஸில் நிற்கிறார் என்று வையுங்கள். பந்து வீசும் நேரம் பார்த்து அவர் இரண்டாம் பேஸைத் திருட ஓடுவார். எங்கள் கேச்சர் உடனே இரண்டாம் பேஸுக்கு எறிவார். அதைப் பிடிக்க யாரோ ஒருவர் பேஸில் நிற்க வேண்டும். இரண்டாம் பேஸ் ஆளும் ஷோர்ட்ஸ்டொப்பும் அதன் இரு பக்கமும் தள்ளி நிற்பவர்கள். இருவரும் ஓடினால் இருவர் இடமும் வெறுமை. அதனால் யார் ஓடுவது என்று ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

“கிளவ்வால முகத்தை மறைச்சுக்கிட்டு வாயால காட்டுவேன். நானா, நீயான்னு. சத்தம் வராது, வாயை மட்டும் பாருங்க. புரிஞ்சுதா?”

“ஓம், ஓம்,” என்றேன், எங்கள் ஊர் ஆமாம். அவர் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

ஏழு இன்னிங்ஸ் தப்பினோம். எதிரணியில் மெதுவான ஆட்கள், ஒருவரும் திருட ஓடவில்லை. எட்டாவதில் ஒரு மெல்லிய பையன் முதலாம் பேஸுக்கு வந்தான். ரவி அண்ணை கிளவ்வை உயர்த்தி வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். நான் பார்த்தேன். தலையாட்டினேன். பந்து வீசப்பட்டது, பையன் ஓடினான், கேச்சர் எறிந்தார். அழகான எறி, பேஸுக்கு மேலே முழங்கால் உயரத்தில்.

அங்கே ஒருவரும் இல்லை.

நான் என் இடத்தில் நின்றுகொண்டு ரவி அண்ணையைப் பார்த்தேன். அவர் தன் இடத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். பந்து எங்கள் நடுவால் போய், வெளியே நின்றவரையும் தாண்டி, கிரிக்கெட்காரர்களின் தேநீர் மேசைக்குக் கீழே நின்றது. பையன் முழுச் சுற்றும் ஓடி முடித்தான். அந்த ஒரு ஓட்டத்தால் தோற்றோம்.

ஃப்ராங்க் கத்தவில்லை. “பந்து நேரத்துக்கு வந்தது. பிளாட்ஃபோமிலைதான் ஒருத்தரும் இல்லை,” என்றார்.

திரும்பும் பஸ்ஸின் மேல் தட்டில் ரவி அண்ணையும் நானும் முன் இருக்கையில் இருந்தோம்.

“நீங்கதானே போயிருக்கணும்? ‘யூ’ன்னு தெளிவாத்தானே காட்டினேன்.”

“எங்கை காட்டினியள்? வாயை ஆவெண்டு திறந்தனீங்கள். ‘நான்’ எண்டுதானே அர்த்தம்?”

“எப்படி ‘நான்’ ஆகும்? ‘யூ’ன்னா வாய் திறக்கும். ‘மீ’ன்னா மூடும்.”

நான் சொல்லிப் பார்த்தேன். நான். வாய் திறந்தது. நீ. பல்லுக்கு மேல் உதடு இழுபட்டு, வாய் மூடியதுபோல் நின்றது.

“அண்ணை, தமிழிலை விளங்கப்படுத்திப்போட்டு இங்கிலீசிலை வாயைத் திறந்தால் எனக்கு எப்பிடித் தெரியும்?”

ரவி அண்ணை வாயைத் திறந்தார், மூடினார், திரும்பவும் திறந்தார். பஸ் கண்ணாடியில் தன் வாயையே பார்த்தார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த கிழவி திரும்பிப் பார்த்து, நாங்கள் வாயைத் திறந்து மூடுவதைக் கண்டு, பல் வைத்தியரிடம் இருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார்.

அன்றைய ஸ்கோர்புக்கை ஃப்ராங்க்தான் எழுதியிருந்தார், அதாவது கிறுக்கியிருந்தார். வழக்கம்போல் நான் அதைத் திருப்பி எழுத வேண்டும். அந்தத் தவறை யார் பேரில் போடுவது? ஷோர்ட்ஸ்டொப் பேரில், E6 என்று போடச் சொல்லி ரவி அண்ணை வற்புறுத்தினார், தான் சரியாக விளக்கவில்லையாம். நான் யோசித்தேன். அவர் விளங்கிச்சுதா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். என்ன விளங்கியது என்று சொல்லிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். கேள்வி கேட்டால் படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் பழையது. முதல் ஆளாகப் படிக்கப் போகிறவர்களுக்கு அது வரும். பக்கத்தில் எல்லாரும் தலையாட்டும்போது நாமும் ஆட்டிவிடுவோம்.

E4 என்று எழுதினேன். இரண்டாம் பேஸின் தவறு.

5. ஓம்

அடுத்த செவ்வாய் ரவி அண்ணையும் நானும் சைகையைத் தமிழுக்கு மாற்றினோம். திறந்த வாய், காட்டுகிறவர் போவார். மூடிய வாய், பார்க்கிறவர் போவார். மற்ற அணிகள் எல்லாம் இதற்கு நேர்மாறாகவே பழகியிருந்ததால், எங்கள் வாயைப் பார்த்து யார் இடம் வெறுமையாகும் என்று கணக்குப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும் என்று ஃப்ராங்குக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. சில நேரம் நானும் சைகை காட்ட வேண்டிவரும். வயதில் மூத்தவரைப் பார்த்து ‘நீ’ என்பதா? ‘நீங்கள்’ என்று காட்டிப் பார்த்தேன். அதில் வாய் மூடித் திறந்து திரும்ப மூடுகிறது. “மரியாதை எல்லாம் பஸ்ல வச்சுக்கலாம். இங்க நீதான்,” என்றார் அவர். இத்தனை வருடத்தில் ரவி அண்ணையை நான் நீ என்று சொன்னது கிளவ்வுக்குப் பின்னால் மட்டும்தான்.

இரண்டாம் ஞாயிறு வேறு வில்லங்கம். அவர் சைகை காட்டியதும் நான் பழக்கதோஷத்தில் வாய்க்குள் ‘ஓம்’ சொன்னேன். ஓமில் வாய் முதலில் திறக்கும், பிறகு மூடும். அவர் குழம்பி, பிட்ச்சரை நிறுத்தி, என்னிடம் நடந்து வந்தார்.

“இப்ப நானா, நீயா?”

“ஓம் எண்டனான்.”

“அதுதான் எது?”

அன்று ஆட்டம் முடிந்ததும் இனி ஓம் சொல்வதில்லை, தலை மட்டும் ஆட்டுவது என்று முடிவெடுத்தோம். நம் ஆட்கள் தலையாட்டுவதைப் பார்த்து ஃப்ராங்க் அது ஓமா இல்லையா என்று கேட்டார். அதையும் கைவிட்டோம்.

வியாழக்கிழமைப் பயிற்சியில்தான் யோசனை வந்தது. திறந்து மூடும் அந்த ஓமுக்கு ஒரு வேலை கொடுத்தால் என்ன? முதலாம் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஓட்டக்காரர்கள் நிற்கும்போது ஒரு தந்திரம் செய்வார்கள். முதலாம் பேஸ்காரர் திருட ஓடுவார். கேச்சர் இரண்டாம் பேஸுக்கு எறிந்ததும் மூன்றாம் பேஸ்காரர், கேச்சர் நிற்கும் வீட்டுப் பேஸுக்கு ஓடிப் புள்ளி எடுத்துவிடுவார். இதை முறிக்க, நான் பேஸுக்குப் போகாமல் அதற்கு முன்னால் ஓடி, பறக்கும் பந்தை இடைமறித்துப் பிடித்து, வீட்டுப் பேஸுக்கே திருப்பி எறிய வேண்டும். ரவி அண்ணை பேஸுக்குப் போய்ப் பந்துக்குக் காத்திருப்பதுபோல் நிற்பார். மூன்றாம் பேஸ்காரர் ஓடாவிட்டால், மற்றவர் சும்மா இரண்டாம் பேஸைத் திருடிவிடுவார், தந்திரம் எங்கள் தலையிலேயே விழும். ஆகவே இதற்கு இருவரும் சம்மதிக்க வேண்டும். அதுதான் ஓம் என்றோம். இந்த முறை என்ன விளங்கியது என்று ஒருவருக்கொருவர் மூன்று தரம் சொல்லிக் காட்டினோம்.

மூன்றாம் ஞாயிறு அதற்குத் தேவை வரவில்லை. நாலாம் ஞாயிறு ஸ்கொட் வந்துவிட்டார். உயரமான, மரியாதையான பையன். புது உடுப்பு, நல்ல கிளவ். மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தபடி நான் எடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் கைதட்டினார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். அவர்களில் இருவர் அவுட், மூன்றாமவரும் அவுட்டானால் ஆட்டம் முடியும். முதலாம் பேஸில் ஒருவர், மூன்றாம் பேஸில் ஒருவர். ரவி அண்ணை கிளவ்வை உயர்த்தி வாயை மூடிக் காட்டினார். நீ. நான் பேஸுக்குப் போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். பத்திரமான வழி. ஆனால் மூன்றாம் பேஸில் நின்றவரைப் பார்த்தேன். வழமையைவிட இரண்டு அடி தள்ளி நின்றார். பந்தைப் பார்க்கவில்லை, வீட்டுப் பேஸையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எப்படியும் ஓடுவார்.

இது பிழையாய்ப் போனால் அடுத்த ஞாயிறு நான் மறுபடி பென்சிலோடு வாங்குப் பலகையில். கிளவ்வை உயர்த்தினேன். வாயைத் திறந்து மூடினேன். ஓம்.

ரவி அண்ணையின் புருவம் மேலே போனது. இல்லை என்று கையசைக்க அவருக்கு உரிமை இருந்தது. அவர் பேஸைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பந்து வீசப்பட்டது. முதலாம் பேஸ்காரர் பாய்ந்தார். கேச்சர் எழுந்து எறிந்தார். ரவி அண்ணை பேஸுக்கு ஓடிக் கையை நீட்டினார். நான் முன்னால் பாய்ந்தேன். பந்து பிட்ச்சரைத் தாண்டிய கணத்தில் மூன்றாம் பேஸ்காரர் புறப்பட்டார். பந்து என் கிளவ்வுக்குள் விழுந்தது. நிமிர்ந்தேன். எனக்கு முன்னால் அவருடைய முதுகு ஓடிக்கொண்டிருந்தது, அகலமாக, எல்லேயில் ஆசைப்படும் அளவுக்கு.

எறி நல்லம், குறிதான் பிழை. முதுகை விட்டுவிட்டு அதற்கு அப்பால் இருந்த கேச்சரின் கிளவ்வைப் பார்த்து, எழுதுகிற கையால், முழங்கால் உயரத்தில் எறிந்தேன்.

அவர் சறுக்கி வந்து சேர்ந்தபோது பந்து அங்கே அவருக்காகக் காத்திருந்தது. நடுவர் கைமுஷ்டியை உயர்த்தினார், அவுட். ஆட்டம் முடிந்தது.

முதலில் ஓடி வந்து கைகொடுத்தவர் ஸ்கொட். ஷோர்ட்ஸ்டொப்பிடம் அப்படி என்ன சொன்னாய் என்று கேட்டார். ‘யெஸ்’ என்றுதான் சொன்னேன் என்றேன். யெஸ்ஸில் வாய் அப்படிப் போகாதே என்றார்.

ஃப்ராங்க் ஸ்கோர்புக்கையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார். “இதை நீயே எழுது. நான் எழுதினால் ஒருத்தராலும் வாசிக்க ஏலாது.” பெட்டிக்குள் எழுதினேன். 2-4-2. கேச்சர், நான், கேச்சர். அந்த 4 கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

ஐந்தாவது ஞாயிறு ஃப்ராங்க் அணியை வாசித்தார். “நாலு, பூ.” அவ்வளவுதான். ஸ்கொட் இடப்பக்க வெளிமைதானத்துக்குப் போனார். அங்கே யாருடைய வாயையும் வாசிக்கத் தேவையில்லை என்று நிம்மதியாகச் சொன்னார்.

6. செவ்வாய் ஆறு மணி

ஏழு பருவங்கள் இரண்டாம் பேஸில் நின்றேன். நாங்கள் ஒருதரம் மேல் பிரிவுக்கு ஏறினோம், மறு வருடமே இறங்கினோம். நான் பிடித்ததும் விட்டதும் எல்லாம் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. ஒரு தரம் இடக் கைச் சின்னவிரல் முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்த என்னை அம்மா வாசலில் நிறுத்தி, இரண்டு கையையும் பார்த்தார். “எழுதுற கை தப்பியிட்டுது,” என்று சொல்லி உள்ளே விட்டார். அதற்குப் பிறகு பந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு மைதானத்துக்கே வந்து, ஒன்பது இன்னிங்ஸும் இருந்து பார்த்துவிட்டு, “நீ ஏன் அந்த மெட்ராஸ் தம்பிக்கு வாயை நெளிக்கிறாய்?” என்று மட்டும் கேட்டார். விளங்கப்படுத்தினேன். அம்மா தானும் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

இதை வாசிக்கும் தங்கச்சிமாருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வேலையிடத்தில் உங்களுக்கு ஒருவர் ஒன்றைச் சொல்லித் தந்து, விளங்கிச்சுதா என்று கேட்டால், உடனே ஓம் சொல்லாதீர்கள். என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அதில் வெட்கம் இல்லை. அலுவலகத்திலும் எனக்கு அதுதான் பெயர். புவனா எதையும் ஒரு தரம் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வாள் என்பார்கள். சொல்லிப் பார்த்த பிறகு சொல்கிற ஓமை நம்பி ஓடலாம்.

போன மாதம் மைதானப் படிவம் ஒன்றை நிரப்பினேன். என் படிவத்துக்கு நானே முத்திரை குத்த முடியாது. ஆகவே மேசையின் மறுபக்கம் வந்து, வரிசையில் நின்று, எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த எழுதுவினைஞரிடம் நீட்டினேன். ‘வேறு’ என்ற பெட்டியில் புள்ளடி. பக்கத்தில், பேஸ்போல், பெண்பிள்ளைகள். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் முழுப் பெயர், ஒரு எழுத்தும் குறையாமல். ஏழு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவர்கள். ஒருத்திக்கு வாய் மூடவே மூடாது, அவளை ஷோர்ட்ஸ்டொப்பில் நிறுத்தினால் எல்லாப் பந்துக்கும் தான்தான் போவாள்.

புது எழுதுவினைஞர் படிவத்தைப் பார்த்துவிட்டு, கீழ் மூலை, செவ்வாய், ஆறு மணி, விளங்கியது என்று தலையாட்டினார். என்ன விளங்கியது என்று நான் கேட்டேன். இது ரவுண்டர்ஸ்தானே என்றார்.

உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் எழுதுகிற கையால் கையெழுத்துப் போட்டேன். ஃப்ராங்க் தந்த நாலு பழைய பேஸுகளும் இப்போது என் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. அம்மா அவற்றை லோண்டரி சோப்பில் கழுவிக் காயவைத்துவிட்டார்.